கோழிக்கா, காருக்கா?

நாமக்கல்லில் ஒரு முட்டைக்கோழி தினமும் தின்பது சுமார் 110 கிராம் தீவனம். அதில் ஏறக்குறைய பாதி மக்காச்சோளம். இப்போது அதே மக்காச்சோளத்துக்கு எத்தனால் ஆலைகளும் போட்டி. பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் என்ற இலக்கை 2025-ல் நாடு எட்டியது. அதற்கு முன்பே, 2024-ல், மக்காச்சோளத்தை வெளிநாட்டிலிருந்து வாங்கவேண்டி வந்துவிட்டது. தீவன விலை ஏறியதற்காகப் பண்ணைக்காரர் முட்டை விலையை இஷ்டத்துக்கு ஏற்ற முடியுமா என்ன?

பாசியிலிருந்து எரிபொருள் எடுத்தால் இந்த இழுபறி இல்லை. வயல் வேண்டாம், வெயிலும் கழிவுநீரும் போதும். சேலம் பக்கம் இரண்டுக்கும் பஞ்சமில்லை, ஜவ்வரிசி ஆலைப் பக்கம் போனால் மூக்கே சொல்லும்! சிக்கல் அறுவடையில்தான். திறந்த குட்டையில் லிட்டருக்கு ஒரு கிராம் பாசி தேறுவதே அபூர்வம். வடிகட்டி உலர்த்தும் செலவே வரவை விழுங்கிவிடும். அதனால் சில ஜவ்வரிசி ஆலைகள் பாசிக்குக் காத்திருக்கவில்லை. அந்தக் கழிவுநீரைப் புளிக்கவிட்டு, வரும் மீத்தேனில் ஜெனரேட்டர் ஓட்டுகின்றன.