பதின்மூன்று பாகம்

போன மாரியில் ஒரு நாள், பின்னேரம் வலை விடப் போன அப்பாவும் மாமாவும் அடுத்த நாள் விடிஞ்சுதான் கரைக்கு வந்தார்கள். இரவு ஏழு மணிக்குப் பிடித்த மழை விடியும்வரை விடவில்லை. போனுக்கு எடுத்தால் தொடர்பு இல்லை. அம்மா ரோச் லைற்றைப் பிடித்தபடி கரையில் நின்றார். நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் நின்றோம். மழைக்குள் அந்த வெளிச்சம் இருபது அடிகூடப் போகவில்லை.

போட் வந்தபோது புரொப்பலரில் ஓர் இதழ் உடைந்திருந்தது. எங்கட வடமராட்சிக் கரையில் கடலுக்கும் கரைக்கும் இடையில் கல் இருக்கிறது. கல்லுக்கு நடுவில் போட் போய்வரும் ஒடுக்கமான வழியைத்தான் வான் என்கிறோம். அண்டைக்கு வானைக் காணாமல் கல்லில் ஏறிவிட்டார்கள். அலை தூக்கி விட்டதால் தப்பினார்கள்.

அப்பா தேத்தண்ணியைக் குடித்துவிட்டு ஒரு வசனம்தான் சொன்னார்: "வெள்ளியும் இல்லை, கரையும் இல்லை. எந்தப் பக்கம் எண்டே தெரியேல்லை."

முப்பது வருசமாகத் தொழிலுக்குப் போகிற மனுசனின் வாயிலிருந்து "தெரியேல்லை" என்று வந்தது எங்களுக்குப் பெரிய பயமாக இருந்தது. அந்தக் கிழமையே முடிவெடுத்தோம். மகாபொலக் காசில் மிச்சம் பிடித்தது, அம்மாவின் சீட்டுக் காசு, இரண்டையும் போட்டு போட்டுக்கு ஒரு ஜிபிஎஸ்ஸும் ஆழம் பார்க்கிற கருவியும் வாங்குவது.

எதை வாங்குவது என்று யூரியூப்பில் தேடினோம். வந்த வீடியோக்களில் முக்கால்வாசி அமெரிக்க ஏரிகள். சனி ஞாயிறில் பொழுது போக்கப் போகிறவர்கள், கதிரை வைத்த போட், போத்தல் வைக்க ஓர் ஓட்டை, பன்னிரண்டு அங்குலத் திரை. எங்களிடம் இருப்பது பதினெட்டரை அடி பைபர் போட், மண்ணெண்ணெயில் ஓடும் பதினைந்து குதிரை வலு எஞ்சின். கதிரை கிடையாது, கூரை கிடையாது. ஆனால் கடலில் கேட்க வேண்டிய கேள்விகள் எல்லாருக்கும் ஒன்றுதான் என்பது போகப் போக விளங்கியது. நான் எங்கே நிற்கிறேன்? எனக்குக் கீழே எவ்வளவு தண்ணி? முதலாவதற்கு விடை வானத்திலிருந்து வருகிறது, இரண்டாவதற்குக் கடல் அடியிலிருந்து.

"போன் இருக்கே, பிறகென்னத்துக்கு?" என்று மாமா கேட்டார். நியாயமான கேள்வி. போனுக்குள் இருக்கிற ஜிபிஎஸ்ஸுக்கு சிக்னலோ டேட்டாவோ தேவையில்லை, அது செய்மதியிலிருந்து நேரே எடுக்கிறது. வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்தால் நடுக்கடலிலும் வேலை செய்யும். நாங்கள் பரீட்சித்தும் பார்த்தோம். மத்தியான வெயிலில் திரை தெரியவில்லை. சூட்டில் போன் தானாக நின்றுவிட்டது. மீன் செதில் ஒட்டிய ஈரக் கையால் தொட்டால் அது தன்பாட்டுக்கு எங்கேயோ போனது. கரைக்கு வரமுதல் பற்றரி இறங்கிவிட்டது. போனை பொலித்தீன் பையில் சுற்றி இரண்டாவது துணையாக வைத்திருக்கலாம். அதை நம்பிப் போக முடியாது.

அப்பாவுக்கு ஜிபிஎஸ் புதுச் சொல் இல்லை. யுத்த காலத்தில் கடல் தடை, நேரக் கட்டுப்பாடு, எஞ்சின் வலுக் கட்டுப்பாடு என்று கரையோரத்திலேயே கிடந்தவர்கள் பிறகுதான் வெளியே போகத் தொடங்கினார்கள். பக்கத்துப் போட்காரர் பழைய கைக் கருவி ஒன்று வைத்திருக்கிறார். அதை நடத்துவது அமெரிக்காவின் செய்மதிக் கூட்டம். 2000 மே மாதம் வரை பொதுமக்களுக்குக் கிடைத்த சிக்னலை அவர்கள் வேண்டுமென்றே குழப்பி விட்டிருந்தார்கள், நூறு மீற்றர்வரை பிழை வரும். இப்போது சில மீற்றர்தான். புதுக் கருவிகள் ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டூ செய்மதிகளையும் சேர்த்துப் பிடிக்கின்றன. வாங்கும்போது இதைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

அடுத்தது வரைபடம். இதில்தான் கன நாள் மினக்கெட்டோம். கடையில் இரண்டு வகை இருந்தது. ஒன்று சார்ட்புளொட்டர். அதற்குள் கடல்வரைபடமே இருக்கும், ஆழம், கல், வெளிச்சவீடு எல்லாம் திரையில் வரும், நாங்கள் நிற்கிற இடம் அதற்கு மேல் ஒரு சின்னப் போட்டாக நகரும். மற்றது வரைபடம் இல்லாத வகை. வெறும் திரையில் நாங்கள் போன தடத்தையும் குறித்து வைத்த புள்ளிகளையும் மட்டும் காட்டும். விலை நன்றாகக் குறைவு. கன வீடியோக்கள் முதலாவதைத்தான் வாங்கச் சொல்கின்றன. புதுப் புதுத் துறைமுகங்களுக்குப் போகிறவர்களுக்கு அது சரி. தெரியாத கரைக்கு வரைபடம் இல்லாமல் போவது முட்டாள்தனம்.

நாங்கள் கடையில் வைத்தே எங்கட கரையைப் பெரிதாக்கிக் காட்டச் சொன்னோம். வெளிக்கடலில் ஆழ இலக்கங்கள் இருந்தன. கரைக்குக் கிட்ட ஒரே நிறம். அப்பா நின்று பார்த்தார். "வான் எங்க?" என்றார். வான் இல்லை. அவர் தலைமுறையாகப் போய்வருகிற வழி அந்த வரைபடத்தில் இல்லவே இல்லை. அதோடு முடிவு வந்தது. வரைபடம் இல்லாத, ஐந்து அங்குலத் திரையும் ஆழமானியும் சேர்ந்த கருவியை எடுப்பது, மிஞ்சுகிற காசை நல்ல பற்றரிக்குப் போடுவது. எங்கட கரைக்கான வரைபடத்தை நாங்களே பகலில் ஓடி ஓடிப் பதிந்து உருவாக்க வேண்டியதுதான்.

திரை விசயத்தில் இரண்டு சொல்ல வேண்டும். கருவியைக் கடைக்குள் பார்க்காதீர்கள், வெளியே வெயிலுக்குக் கொண்டுவந்து பாருங்கள். தொடுதிரையை விட அமுக்குகிற பொத்தான் உள்ளதை எடுங்கள். ஈரக் கைக்கு அதுதான் சொல் கேட்கும். ஐபிஎக்ஸ்7 என்று போட்டிருந்தால் ஒரு மீற்றர் தண்ணிக்குள் முப்பது நிமிசம் தாங்கும் என்று அர்த்தம்.

ஆழமானி வேலை செய்வது எளிமையானது. போட்டின் அடியிலிருந்து ஓர் ஒலியைக் கீழே அனுப்புகிறது. கடல் தண்ணியில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 1500 மீற்றர் போகும். போய்த் திரும்ப நூறில் இரண்டு பங்கு செக்கன் எடுத்தால் மொத்தம் 30 மீற்றர், ஆகவே ஆழம் 15 மீற்றர். 50 கிலோஹேர்ட்ஸ் ஒலி ஆழக் கடலுக்கு, 200 கிலோஹேர்ட்ஸ் ஆழம் குறைந்த கடலுக்கு. பாக்கு நீரிணைப் பக்கம் ஆழம் குறைவு என்பதால் எங்களுக்கு 200 போதும். அதில் அடித்தளம் துப்புரவாகத் தெரியும்.

ஆனால் ஒரு விசயத்தை எந்த விளம்பரமும் பெரிதாகச் சொல்வதில்லை. இந்தக் கருவி கீழே மட்டும்தான் பார்க்கும், முன்னுக்குப் பார்க்காது. பத்து நொட் வேகத்தில் போனால் செக்கனுக்கு ஐந்து மீற்றர் ஓடுகிறோம். ஆழம் குறைகிறது என்று திரை காட்டும்போது கல்லுக்கு மேல் நிற்போம். மெதுவாகப் போகிறவனுக்குத்தான் ஆழமானி உதவும்.

ஒலி அனுப்புகிற கட்டையை எங்கே பூட்டுவது என்பது அடுத்த தலையிடி. வழக்கமாகப் போட்டின் பின்பக்கப் பலகையில் வெளியே பூட்டுவார்கள். எங்கட போட்டை ஒவ்வொரு நாளும் மணலில் இழுத்து ஏற்ற வேண்டும், ஒரு கிழமையில் அது முறிந்துவிடும். பைபர் ஒற்றைத் தோலாக இருக்கிற இடத்தில் உள்ளுக்கே ஒட்டினால் ஒலி பைபரைத் துளைத்துப் போகும். நடுவில் பலகையோ நுரையோ இருந்தால் போகாது. ஒட்டமுதல் ஒரு பொலித்தீன் பையில் தண்ணி விட்டு, அதற்குள் கட்டையை வைத்து, இடம் இடமாக வைத்துப் பார்த்தோம். மூன்றாவது இடத்தில் இலக்கம் ஆடாமல் நின்றது. காற்றுக் குமிழி இல்லாமல் அந்த இடத்திலேயே ஒட்டினோம்.

பற்றரி: எங்கட எஞ்சின் பற்றரியை ஏற்றாது. கருவி ஓர் அம்பியருக்குக் கிட்ட இழுக்கும். மோட்டார் சைக்கிள் பற்றரி ஓர் இரவுக்குக் காணாது. கொஞ்சம் பெரிய 12 வோல்ற் பற்றரியை மூடியுள்ள பெட்டிக்குள் வைத்து, பியூஸ் போட்டு, வீட்டில் ஏற்றிக்கொண்டு போகிறோம்.

பக்கத்துப் போட்காரர் தன்னுடைய கருவியில் இருந்த சில புள்ளிகளைத் தந்தார். அதை ஏற்றும்போது ஒரு பிழை விட்டோம். அவர் தந்தது 50 பாகை நிமிசம் 30 செக்கன் என்ற கணக்கு. எங்கட கருவி நிமிசத்தைத் தசமத்தில் கேட்கிறது. நாங்கள் 50.30 என்று அடித்துவிட்டோம், அடித்திருக்க வேண்டியது 50.50. அகலக்கோட்டில் ஒரு நிமிசம் ஒரு கடல்மைல், அதாவது 1852 மீற்றர். அந்தச் சின்னப் புள்ளி எங்களை 370 மீற்றர் தள்ளிவிட்டது. கல்லுக்குக் கிட்ட 370 மீற்றர் என்றால் என்ன என்று அப்பாவுக்குத் தெரியும். 1974இலும் 1976இலும் இரண்டு நாடுகளும் ஒப்பந்தம் செய்து கடலில் போட்ட எல்லையும் இப்படியான இலக்கங்களால்தான் எழுதப்பட்டிருக்கிறது. தண்ணியில் கோடு தெரியாது. அந்தக் கோட்டுக்குக் கிட்டத் தொழில் செய்கிறவர்களுக்குத் தசமப் புள்ளியும் பெரிய விசயம்தான்.

முதல் நாள் எல்லாரும் போனோம். வெளியே போய் எஞ்சினை நிற்பாட்டியதும் திரை 12 பாகம் என்று காட்டியது. கருவியின் அளவை மீற்றரிலிருந்து பாகத்துக்கு நாங்கள்தான் மாற்றி வைத்திருந்தோம். அப்பா ஈயக் குண்டு கட்டிய கயிற்றை இறக்கினார். பிறகு இழுத்து, இரண்டு கையையும் விரித்து விரித்து அளந்தார்.

"பதின்மூண்டு. உது பொய் சொல்லுது."

நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். காசு போச்சே என்று நெஞ்சு அடித்தது. வீட்டுக்கு வந்து கருவிப் புத்தகத்தைப் பார்த்தபோது அதில் ஒரு பாகம் சரியாக ஆறு அடி என்று இருந்தது. அப்பாவைச் சுவரோடு நிற்க வைத்து, கையை விரிக்கச் சொல்லி, அம்மாவின் தையல் நாடாவால் அளந்தோம். ஐந்து அடி ஏழு அங்குலம். பன்னிரண்டு ஆறடியும் பதின்மூன்று ஐந்தடி ஏழங்குலமும் கிட்டத்தட்ட ஒன்றுதான், எழுபத்திரண்டு அடி. அப்பா கன நேரம் சிரித்தார். "அப்ப அது என்ரை கையை விட நீளக் கைக்காரன்ரை கணக்கு" என்றார். அதற்குப் பிறகுதான் கருவியோடு கதைக்கத் தொடங்கினார்.

பிறகு இடங்களைப் பதிகிற வேலை. இதை ஒரு பின்னேர வேலை என்று நினைத்தோம், ஒரு மாதம் எடுத்தது. அப்பா ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு நேர்கோடு வைத்திருக்கிறார். பிள்ளையார் கோயில் கோபுரம் இரட்டைப் பனைக்கு நேரே வர வேண்டும், அதே நேரம் தண்ணித் தாங்கி மாதா கோயிலை மறைக்க வேண்டும். இரண்டு கோடும் வெட்டுகிற இடம்தான் கல். தாத்தா அவருக்குக் காட்டியது. இரட்டைப் பனை இப்போது இல்லை, ஷெல் விழுந்து போய்விட்டது. அப்பா அந்த வெறும் இடத்தைப் பார்த்துத்தான் இவ்வளவு காலமும் போட்டை நிறுத்தியிருக்கிறார். நாங்கள் அந்தப் பனையைக் கண்டதில்லை. "உங்களுக்கு எப்பிடிக் காட்டுறது?" என்று கேட்டார். அந்த இடத்தில் பொத்தானை அமுக்கினோம். பதிந்துவிட்டது.

பேர் போடத்தான் முடியவில்லை. கருவியில் தமிழ் எழுத்து இல்லை. இலக்கமாகவே விட்டுவிட்டு, ஒரு சீஆர் கொப்பி வாங்கி, இலக்கத்துக்கு நேரே பேரை எழுதினோம். 1, இரட்டைப் பனைக் கல். 5, தாத்தா பார். 9, விளைமீன் தட்டு. பக்கத்தில் பழைய குறிகளையும் எழுதினோம். அப்பா முதல் நாளே கேட்ட கேள்வி: "உது பழுதானா?" பழுதாகும். உப்புத் தண்ணியில் எதுவும் ஒரு நாள் பழுதாகும். கொப்பியும் திசைகாட்டியும் ஈயக் குண்டும் அதற்குத்தான்.

வான் விசயத்தில் கருவியை நாங்கள் முழுதாக நம்பவில்லை. பகலில் மூன்று நாலு தரம் மெதுவாகப் போய்வந்து தடத்தைப் பதிந்து வைத்திருக்கிறோம். ஆனால் வானின் அகலம் இரண்டு போட் அளவுதான், ஜிபிஎஸ்ஸின் பிழையே சில மீற்றர். அது வான் வாய்வரைக்கும் கொண்டுவந்து விடும். அங்கே எஞ்சினைக் குறைத்து, சவளைக் கையில் எடுத்து, கண்ணால் பார்த்துத்தான் வர வேண்டும். அதனால் அம்மா இப்போதும் லைற்றோடு கரைக்குப் போகிறார். முந்தி எந்த இடத்திலும் நிற்பார். இப்போது வானுக்கு நேரே நட்டிருக்கிற தடிக்குப் பக்கத்தில் நிற்கிறார்.

கொப்பியில் இருபத்து மூன்று இடங்கள் இருக்கின்றன. 14க்கு மட்டும் பேர் இல்லாமல் இருந்தது. மாரியில் புரொப்பலர் அடித்த இடம் அது. வானுக்குக் கிழக்கே, கரைக்கு எவ்வளவோ கிட்ட. இவ்வளவு கிட்ட வந்துதான் தவறினார்களா என்று திரையைப் பார்த்தபோது எங்களுக்கு ஒரு மாதிரி இருந்தது. என்ன பேர் போடுவது என்று கேட்டோம். "தாத்தா காலத்தில அதுக்குப் பேர் இல்லை. நீங்கள்தான் வைக்கவேணும்" என்றார் அப்பா.

இன்னும் வைக்கவில்லை.