சுவருக்கும் குரல் உண்டு

கண்ணுக்கு இமை உண்டு. செவிக்கு அது இல்லை. ஆயினும், செவி தான் கேட்பன அனைத்தையும் மனத்திடம் ஒப்படைப்பதில்லை. பேசுபவரின் சொல்லைப் பற்றிக்கொண்டு, அச்சொல்லோடு அறையிற் பரவும் அதிர்வைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடுகின்றது. ஒலிவாங்கிக்கு அத்தகைய தயவு கிடையாது. சொன்னவரின் குரலையும் சொன்ன இடத்தின் குரலையும் அது ஒரே நேர்மையுடன் பதிந்து வைக்கின்றது. ஆலங்குடாவின் இளைஞன் ஒருவன் இவ்வுண்மையை முதலில் நூல்களிற் கற்கவில்லை. தன் உம்மம்மாவின் குரல் தப்பிப்போய்விடுமோ என்ற அச்சத்திலேயே கற்றான்.

ஆலங்குடா, புத்தளம் மாவட்டத்துக் கற்பிட்டிக் குடாநாட்டின் கடலோர ஊர். குடாநாட்டின் ஒருபுறம் இந்து சமுத்திரம். மறுபுறம் புத்தளம் களப்பு. 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது, மன்னார்த் தீவினர் பலர் படகேறிக் கற்பிட்டிக் கரையை அடைந்தனர். குடாநாட்டின் ஊர்களிற் கிடுகுக் கொட்டில்கள் எழுந்தன. அப்படி வந்தவர்களுள் ஒருவரே அந்த உம்மம்மா. கொட்டில் போய்ச் சீமெந்துக் கல் வீடு வந்தது, பேரப்பிள்ளைகள் வந்தனர். விட்டுவந்த ஊரின் தாலாட்டுகளும், ஒழுங்கைகளின் பெயர்களும், கிணறுகளின் கதைகளும் அவர் நினைவில் மாத்திரமே எஞ்சின. அவற்றைப் பதிந்து வைப்பதே பேரனின் எண்ணம்.

வீட்டறையிற் பதிவதை அவன் இழிவாகக் கருதவில்லை. 1989இல் ஏ. ஆர். ரகுமான் சென்னையில் தம் வீட்டின் பின்புறத்தில் அமைத்த கூடத்திலிருந்துதானே 1992இல் 'ரோஜா'வின் இசை புறப்பட்டது! ஆனால், நீளம், அகலம், உயரம் யாவும் பத்தடியாய் அமைந்த அவனது அறையிற் பதிந்த முதற் பதிவு, கிணற்றுக்குள்ளிருந்து பேசியதுபோல் ஒலித்தது. குற்றம் கருவியுடையது என எண்ணிப் பணம் சேர்த்துச் சிறந்த ஒலிவாங்கி ஒன்றை வாங்கினான். அது கிணற்றை முன்னிலும் தெளிவாகக் கேட்டது. பின்னர் முட்டை அடுக்கும் அட்டைகளைச் சுவரெங்கும் ஒட்டினான். சொற்களின் கூர்மை மழுங்கியது. முழக்கம் அப்படியே நின்றது.

ஒரு நூற்றாண்டுக்கும் முன்னர், ஒரு பேரறையில் இதே இடரை எதிர்கொண்டவர் வாலஸ் சபின். 1895இல் ஹாவார்ட் பல்கலைக்கழகத்துப் புதிய விரிவுரை மண்டபத்தைத் திருத்தும் பொறுப்பு அவரிடம் வந்தது. அங்கு ஒரு சொல்லின் முழக்கம் ஐந்து செக்கனுக்கு மேல் நீடித்தது. சபின் அயலிலிருந்த அரங்கொன்றின் இருக்கை மெத்தைகளை இரவிற் சுமந்து வந்து பரப்பி, ஓர்கன் குழலை ஊதி, ஒலி மடியும் நேரத்தை அளந்தார். மண்டபத்தின் கனவளவு கூடக் கூட முழக்கம் நீளும். ஒலியை உறிஞ்சும் பொருள் கூடக் கூட அது குறுகும் என்னும் விதி அவ்வாறு பிறந்தது.

சிறிய அறைக்கோ இவ்விதி மாத்திரம் போதாது. அங்கே இடரின் அளவு மட்டுமன்று, இயல்பும் மாறுகின்றது. பத்தடி இடைவெளியில் எதிரெதிரே நிற்கும் இரு சுவர்களிடையே செக்கனுக்கு 57 அதிர்வுடைய ஒலியும், அதன் இரட்டிப்பான 114 அதிர்வுடைய ஒலியும் அகப்பட்டு வீங்குகின்றன. நீளமும் அகலமும் உயரமும் ஒன்றாயின், மூன்று திசையிலும் அதே ஒலிகளே வீங்கும். இவற்றுள் இரண்டாவது மனிதக் குரலின் தாழ்ந்த பகுதியிலே விழுகின்றது. கிணற்றின் முழக்கம் இதுவே. 1,000 அதிர்வுடைய ஒலியின் அலைநீளத்திற் காற்பங்கு மூன்றரை அங்குலமளவே. 100 அதிர்வுடையதற்கோ அது மூன்றடியை நெருங்குகின்றது. மெல்லிய அட்டை முன்னதைச் சிறிது தடுக்கலாம். பின்னதன் முன் அது இல்லாததற்கு ஒப்பாகும்.

ஆகவே தேவைப்பட்டது தடிப்பு. காற்று புகுந்து உராய்ந்து களைக்கும் நுண்துளை நிறைந்த தடிப்பு. தென்னை செழித்த மாவட்டத்தில் அதற்குத் தும்பு இருந்தது. நாலங்குலத் தும்பு மெத்தைகளைப் பலகைச் சட்டத்துள் இறுக்கி, ஊதினால் மூச்சு மறுபுறம் செல்லும் துணியால் மூடினான். சுவரோடு ஒட்டாமல் நாலங்குலம் விலக்கி நிறுத்தினான். அவ்வெற்றிடமும் தடிப்பின் பணியிற் பங்கு கொள்ளும். தாழ்ந்த ஒலிகளின் அழுத்தம் மிகுவது மூலைகளிலே என்பதால், நான்கு மூலைகளிலும் நிலந்தொட்டு மேல்வரை மிகுதடிப்பாய் அடுக்கினான். உம்மம்மாவின் கதிரைக்குப் பின்னே ஒரு பலகை நின்றது. அவரை நோக்கும் ஒலிவாங்கி அவர் பின்னுள்ள சுவரையும் நோக்குகின்றதன்றோ! தலைக்கு மேலே ஒன்று தொங்கியது. எஞ்சிய சுவருக்குப் புத்தக அலுமாரியே போதுமாயிற்று. கை தட்டிப் பார்த்தான். சுவர்களிடையே படபடத்த எதிரொலி அடங்கியிருந்தது.

மலிவான நுரைப்பஞ்சை அவன் நாடவில்லை. 2003இல் அமெரிக்காவின் றோட் ஐலண்ட் மாநிலத்து இரவு விடுதியொன்றிற் சுவரில் ஒட்டியிருந்த நுரைப்பஞ்சில் வாணப்பொறி பற்றி 100 பேர் மாண்டனர். தும்பும் தீப்பற்றும் பொருளே. விளக்கையும் மின்கம்பியையும் அதற்கு எட்டாமல் வைத்தான்.

இத்தனைக்கும் பிறகு காற்றின் இரைச்சல் குறையவில்லை. அறைக்குள் பிறந்த ஒலியை அடக்குவது வேறு. வெளியொலி புகாது காப்பது வேறு. பின்னதற்குக் கனத்த சுவரும் இடைவெளியற்ற யன்னலும் வேண்டும். அதற்கு அவனிடம் பணம் இருக்கவில்லை, நேரம் இருந்தது. காற்றுத் தணிந்த ஒரு வைகறையில், சுபஹுத் தொழுகை முடித்து வந்த உம்மம்மாவை அமர்த்தித் தாலாட்டொன்றைப் பதிந்தான்.

கேட்டு முடித்தவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், "பழைய கிடுகுக் கொட்டிலுக்குள்ள பாடின மாதிரிக் கிடக்குது, மகன்" என்றார். கிடுகின் இடுக்குகளால் ஒலி வெளியேறிவிடும். திரும்பி வந்து முழங்காது. அனைத்தையும் இழந்து வந்தவர்க்கு வாய்த்த அந்த ஓலைக் குடில், அவர் குரலை மாத்திரம் சிதைக்காமல் வைத்திருந்தது. பாதுகாப்புத் தந்த சீமெந்துச் சுவரோ அதைக் குழப்பியது. சுவரை இடிக்க வேண்டியதில்லை. குரலை அது எங்கே குழப்புகின்றது என அறிந்து, அவ்விடத்தில் வேண்டிய தடிப்பை வைத்தாற் போதும்.

கடலின் மெல்லிய இரைச்சல் அப்பதிவின் அடியிற் கேட்கின்றது. அதை அவன் நீக்கவில்லை.