மெயிலுக்குப் பக்கத்தில் கலண்டர்

அவுட்லுக்கில் மெயிலுக்கு ஒரு விண்டோ, கலண்டருக்கு ஒரு விண்டோ. வேலை நேரம் முழுக்க இரண்டும் அருகருகே திறந்திருக்க வேண்டும். வெள்ளவத்தையில் காலி வீதியோரக் கந்தோர் ஒன்றில் இருந்துகொண்டு லண்டன் கம்பனிகளின் கணக்குகளைப் பார்க்கிற எனக்கு இதைவிடப் பயன்பட்ட கணினிப் பழக்கம் வேறில்லை. புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பதும் இதைத்தான்.

பெரும்பாலானோர் ஒரே விண்டோவை வைத்துக்கொண்டு அல்லாடுகிறார்கள். ‘வியாழக்கிழமை பேசலாமா?’ என்று மெயில் வருகிறது. கொன்ட்ரோலையும் 2ஐயும் அழுத்தினால் கலண்டர் வரும், ஆனால் மெயில் மறைந்துவிடும். கொன்ட்ரோலும் 1உம் அழுத்தித் திரும்பி வந்தால் கலண்டர் போய்விடும். இப்படி இரண்டு தடவை போய்வந்து அலுத்தவர்கள் மூன்றாம் தடவை ஞாபகத்தை நம்பி ‘ஓம்’ என்று எழுதிவிடுகிறார்கள். ஒருவருக்கு ஒரு மணியைச் சொல்வது வாக்குக் கொடுப்பதுதான். அன்றைய நாள் கண்முன்னே விரிந்திருக்கும்போதுதான் அதைக் கொடுக்கலாம்.

செய்வது சுலபம். கலண்டர் அடையாளத்தின்மேல் மவுஸின் வலதுபக்கப் பொத்தானை அழுத்தினால் ‘ஓபன் இன் நியூ விண்டோ’ என்று ஒரு வரி வரும். அதைத் தெரிவுசெய்து, விண்டோஸ் பொத்தானோடு அம்புக்குறியை அழுத்தினால் திரையின் ஒரு பாதியில் போய் ஒட்டிக்கொள்ளும். சின்ன லப்டொப் என்றால் ஒருநாள் மட்டும் தெரிகிற காட்சி போதும். மூன்றில் ஒரு பங்கு அகலத்துக்குள் அது அடங்கிவிடும்.

1997இல் அவுட்லுக் வருவதற்கு முன்பு மைக்ரோசொப்டிடம் மெயிலுக்கு ஒரு மென்பொருளும் ‘ஷெடியூல் பிளஸ்’ என்று நாட்குறிப்புக்கு வேறொன்றும் இருந்தன. இரண்டையும் ஒரே கூரைக்குள் கொண்டுவந்ததுதான் அவுட்லுக்கின் சாதனை. முகவரியும் அழைப்பும் நினைவூட்டலும் ஒன்றோடொன்று பேசத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். அந்த இணைப்பு உள்ளே அப்படியே இருக்கட்டும். கண்ணுக்கு மட்டும் இரண்டும் பிரிந்து தெரியட்டும் என்பதே என் கட்சி.

எங்களுடையது போன்ற ஊரில் இது இன்னும் அவசியம். பக்கத்து மேசைத் தங்கச்சி மார்ச் மாதத்தில் ஒருநாள் கேட்டாள்:

“அக்கா, அடுத்த கிழமை லண்டன் கோலுக்கு வழக்கம்போல மூண்டரை எண்டு எழுதட்டோ?”

“பொறு பிள்ளை. ஞாயிற்றுக்கிழமையோட அங்க மணியை மாத்துறாங்கள். ரண்டரை எண்டு போடு.”

குளிர்காலத்தில் லண்டனின் காலை 10 மணி நமக்குப் பிற்பகல் 3.30. மார்ச் கடைசி ஞாயிறு முதல் அது 2.30. ரொறன்ரோவிலோ மார்ச் இரண்டாம் ஞாயிறே மாற்றிவிடுவார்கள். அங்கே இரவு 8 மணிக்குப் பேசுகிற அண்ணனுக்காக இங்கே விடிய 6.30க்கு எழும்பிய அம்மா, அன்றிலிருந்து 5.30க்கு எழும்ப வேண்டும். அவுட்லுக் கலண்டரின் ஓரத்தில் இரண்டாவது நேர வலயத்தையும் காட்டச் செய்யலாம். புதிய பதிப்புகளில் மூன்றாவதுக்கும் இடமுண்டு. நமது நேரத்துக்குப் பக்கத்திலேயே லண்டனும் ரொறன்ரோவும் வரிசையாக நின்றால் விரல்விட்டு எண்ணத் தேவையில்லை.

நம் நாட்டு நேரமும் நிலையாக இருந்ததல்ல. 1996 மே மாதம் மின்சாரத்தை மிச்சம்பிடிக்க மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்தள்ளினார்கள். அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணித்தியாலத்தைக் குறைத்தார்கள். 2006 ஏப்ரலில்தான் பழைய நேரத்துக்குத் திரும்பினோம். அந்தப் பத்து வருடமும் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் பழைய நேரமே ஓடியது. வன்னிக்குப் போய்வருகிறவர்கள் ஒரு மணியைச் சொன்னால், புது நேரமா பழைய நேரமா என்று கேட்டுத்தான் குறித்துக்கொள்ள வேண்டியிருந்தது. 2006இல் மணி மாறியபோது கணினிக் கலண்டர்களும் தடுமாறின. அவுட்லுக் உலகப் பொது நேரத்தில்தான் சந்திப்புகளைச் சேமித்து வைக்கும். அதனால், முன்னரே 10 மணிக்குக் குறித்தது புதிய நேரத்தில் 9.30க்குப் போய் நிற்கும். இன்றும் விண்டோஸ் பட்டியலில் ‘கொழும்பு’ என்று தேடினால் கிடைக்காது. ‘ஸ்ரீ ஜயவர்தனபுர’ என்ற வரியைத்தான் தெரிவுசெய்ய வேண்டும்.

போயாவையும் சொல்ல வேண்டும். மாதம் தவறாமல் வருகிற பௌர்ணமி விடுமுறை லண்டன்காரருக்குத் தெரியாது. வருடத் தொடக்கத்திலேயே எல்லாப் போயாக்களையும் முழுநாள் குறிப்புகளாகக் கலண்டரில் போட்டுவைப்பது நல்லது. ஆனால் முழுநாள் குறிப்பை அவுட்லுக் தானாகவே ‘ஃப்ரீ’ என்றுதான் பதியும். அதை ‘அவுட் ஒஃப் ஒஃபிஸ்’ என்று மாற்றாவிட்டால், அழைப்பு அனுப்புகிறவருக்கு நீங்கள் அன்று சும்மா இருப்பதாகவே தெரியும். கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறி வருகிற பிள்ளைகளின் விடுமுறை இப்படித்தான் பறிபோகிறது. எனக்கு இது சின்ன விசயமாகத் தெரியவில்லை.

இரண்டு விண்டோவுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு மெயிலையும் இரட்டைச் சொடுக்கில் திறந்தால் ஒவ்வொன்றும் தனி விண்டோவாக வந்து குவியும். பக்கத்திலுள்ள வாசிப்புப் பகுதியிலேயே படிக்கலாம், 2013 பதிப்பிலிருந்து அங்கேயே பதிலும் எழுதலாம். தவறித் திறந்ததை ‘எஸ்கேப்’ பொத்தான் மூடிவிடும். 2022 மார்ச் இறுதியில் ஒருநாளில் 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு இருந்தபோது, திறந்த விண்டோக்களில் பாதி எழுதிய பதில்களைக் குவித்து வைத்திருந்தவர்கள் பட்டபாடு பெரிது.

மாலையில் வேலை முடிந்ததும் விண்டோக்களை ஒவ்வொன்றாக மூடாதீர்கள். ‘ஃபைல்’ போய் ‘எக்ஸிட்’ கொடுங்கள். மறுநாள் காலை மெயிலும் கலண்டரும் இரண்டு விண்டோவாகவே திரும்பத் திறக்கும். அதற்குப் பிறகு யார் ‘எத்தனை மணிக்கு?’ என்று கேட்டாலும், கலண்டரைப் பார்த்துவிட்டே பதில் எழுதுங்கள்.