சின்னக் குரலுக்கு ஒரு ஆல்பம்

புதுச்சேரி

அன்புள்ள வானதி,

குரல் சின்னதாக இருக்கிறது, மேடையில் எடுபடாது என்று பாட்டு வகுப்பில் சொல்லிவிட்டார்கள் என எழுதியிருந்தாய். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. உனக்காக ஒரு ஆல்பத்தைத் தேடி எடுத்து வைத்திருக்கிறேன்.

‘நூவெல் வாக்’ என்ற பிரெஞ்சுக் குழு 2004-இல் தன் பெயரிலேயே வெளியிட்ட முதல் ஆல்பம். மார்க் கொலேன், ஒலிவியே லிபோ என்ற இருவரின் வேலை. இங்கே ஒயிட் டவுன் காபிக் கடைகளில் இந்த மாதிரி இசைதான் ஓடிக்கொண்டிருக்கும். யாரும் காது கொடுப்பதில்லை. நீ ராத்திரி ஹெட்போன் போட்டுத் தனியாகக் கேள்.

எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் பங்க், நியூ வேவ் குழுக்கள் கத்திப் பாடிய பாட்டுகளை எடுத்து, பிரேசிலின் போஸா நோவா நடையில் பெண்களைப் பாட வைத்தார்கள். மூலப் பாட்டை அறியாத பாடகிகளாகப் பார்த்துத்தான் அழைத்தார்கள். அதனால் யாரையும் போலப் பாட அவர்களுக்கு வழியில்லை. வரிகளை மட்டுமே நம்பிப் பாடியிருக்கிறார்கள்.

முதல் பாட்டு ‘ஜாய் டிவிஷன்’ குழுவினுடையது, ‘லவ் வில் டேர் அஸ் அபார்ட்’. கூடி வாழ்ந்தவர்களுக்குள் அன்பு கசந்துபோவதைப் பற்றியது. அதை எழுதிப் பாடிய இயன் கர்ட்டிஸ் 1980 மே மாதம் உயிரை மாய்த்துக்கொண்டபோது வயது 23. மூலத்தில் டிரம்ஸின் வேகம் நம்மை இழுத்துக்கொண்டு ஓடும். இங்கே எலோய்சியா என்ற பாடகி பாடுவது, ஒப்பாரியை யாரோ தாலாட்டு மெட்டில் பாடுவது போல இருக்கிறது. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

எல்லாப் பாட்டும் இப்படி அமையவில்லை. ‘டெபேஷ் மோட்’ பாட்டு வெறும் இனிமையோடு நின்றுவிடுகிறது. ஆனால் ‘கிளாஷ்’ குழுவின் ‘கன்ஸ் ஆஃப் பிரிக்ஸ்டன்’ பாட்டில் காமிய் என்ற பாடகி குரலைத் தாழ்த்தத் தாழ்த்த மிரட்டல் கூடுகிறது. (2005-இல் அவர் தனியாகச் செய்த ‘ல ஃபில்’ ஆல்பத்தையும் கேள், தொடக்கம் முதல் கடைசிவரை ஒரே சுருதி அடியில் ஓடும்.)

பிரேசில்காரர் செய்யாதது போஸா நோவாவா என்று மாமா கேட்பார். நியாயமான கேள்விதான். பிரேசில் பாடகர் ஜோவோ ஜில்பெர்டோவின் கிட்டாரைக் கவனித்தால் தெரியும்: கட்டைவிரல் அடித்தந்தியில் தாளத்தைப் பிடித்திருக்கும், மற்ற மூன்று விரல்கள் சேர்ந்து கிள்ளுவது அதற்குச் சற்று முன்னே விழும், குரல் இரண்டுக்கும் கட்டுப்படாமல் நடக்கும். அந்த நுணுக்கம் இந்த ஆல்பத்தில் முழுதாக இல்லை. ஆனால் பிரெஞ்சுக்காரர்களுக்கு இந்த இசை புதிதல்ல. பிரெஞ்சு இயக்குநர் மார்செல் காமு ரியோவில் எடுத்து 1959-இல் கான் திரைப்பட விழாவில் முதல் பரிசு வாங்கிய ‘ஓர்ஃபே நேக்ரோ’ படத்தின் வழியாகத்தான் பிரேசில் இசையமைப்பாளர்கள் ஜோபிம், போன்ஃபா இருவரின் பாட்டும் பல நாடுகளுக்குப் போனது.

இந்த ஜோவோவும் ஒரு காலத்தில் வேலையில்லாமல், டியமந்தினா என்ற ஊரில் அக்கா வீட்டில் தங்கியிருந்தவர். குளியலறையில் எதிரொலி நன்றாக இருக்கிறது என்று கதவைச் சாத்திக்கொண்டு மாதக்கணக்கில் பாடிப் பார்த்தாராம். குரலை உயர்த்தாமல், அதிர்வில்லாமல் பேசுகிற மாதிரிப் பாடும் அவருடைய முறை அங்கே உருவானது. 1958-இல் அவர் பாடிய ‘ஷேகா ஜி சவுதாஜி’யில்தான் போஸா நோவா பிறந்தது என்பார்கள்.

நம் ஊரில் மட்டும் என்ன? கணீரென்று பாடிப் பேர் வாங்கிய எல்.ஆர். ஈஸ்வரி, ‘வெள்ளி விழா’ படத்தில் வி. குமார் இசையில் காதோடு பாடிய பாட்டு 1972-இலிருந்து இன்றுவரை நிற்கிறதே! மைக் வந்த பிறகு கடைசி வரிசைக்குக் குரல் போய்ச் சேருவது ஒரு பெரிய விஷயமே இல்லை வானதி. பக்கத்தில் இருப்பவரிடம் சொல்கிற மாதிரி ஒரு வரியைச் சொல்ல வருகிறதா என்பதுதான் கேள்வி. உனக்கு அது வரும். சமையலறையில் நீ பாடி நான் கேட்டிருக்கிறேன்.

ஜூன் 21 இசைத் திருவிழாவுக்கு அலியான்ஸ் பிரான்சேஸில் கச்சேரி இருக்கும். ஒரு வாரம் முன்னதாகவே ஈ.சி.ஆர். பஸ் பிடித்து வந்துவிடு. கிட்டார் தூக்கி வர வேண்டாம். எதிர்வீட்டுப் பையனிடம் நைலான் தந்தி கிட்டார் இருக்கிறது, கேட்டு வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அக்கா