பழம் ஊற நாள் வேண்டும்

டிசம்பர் பிறந்ததும் திருத்தணி பேக்கரிகளின் கண்ணாடி அலமாரிகளில் பிளம் கேக் அடுக்குகள் ஏறிவிடுகின்றன. கிறிஸ்துமஸுக்கு ஒரு விற்பனை, ஆங்கிலப் புத்தாண்டுக்கு அதைவிடப் பெரிய விற்பனை. வாங்குகிறவர்களில் ஊர்க்காரர்கள் உண்டு, மலையேறி இறங்கும் பக்தர்கள் உண்டு, பள்ளிப்பட்டுப் பக்கத்து விசைத்தறிக் குடும்பங்கள் உண்டு, ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் நகரியிலிருந்து வந்து தெலுங்கில் விலை கேட்கிறவர்களும் உண்டு. இந்தக் கேக்கைப் பற்றி இரண்டு குறைகள் ஓயாமல் சொல்லப்படுகின்றன. ரம்மில் ஊறாத இது அசல் பழக் கேக்கே இல்லை என்பது ஒன்று. வெள்ளைக்காரன் விட்டுப்போன பண்டத்துக்கு முருகன் மலையடிவாரத்தில் என்ன வேலை என்பது மற்றொன்று. கடைக்குப் பின்னால் இருக்கும் அடுப்படியில் வேலை நடக்கும் விதத்தைப் பார்த்தபின் இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை. சிறுநகரத்துப் பழக் கேக்குக்கு இருக்கும் குறை ஒன்றே ஒன்றுதான்: அதற்கு வேண்டிய நாளை நாம் கொடுப்பதில்லை.

அந்த அடுப்படியில் நான் மிகவும் உற்றுக் கவனித்தது சர்க்கரையைக் கருக்கும் வேலை. கனமான இரும்புச் சட்டியில் தண்ணீர் விடாமல் வெறும் சர்க்கரையைப் போட்டுக் கிளறுகிறார் மாஸ்டர். 170 டிகிரி செல்சியஸை ஒட்டி அது உருகிப் பொன்னிறமாகி, பிறகு செம்பழுப்பாகி, விளிம்பில் புகை எழும்பத் தொடங்குகிறது. அந்தப் புகை வந்த பிறகு கிடைக்கும் அவகாசம் மிகச் சொற்பம். முன்னாலேயே நிறுத்தினால் கேக் வெளிறிப்போகும், பின்னால் நிறுத்தினால் கசக்கும். சரியான தருணத்தில் உடம்பைப் பின்னால் சாய்த்துக்கொண்டு, கையை நீட்டி, கொதிநீரைச் சட்டியின் ஓரமாக விடுகிறார். நீர் பட்ட கணத்தில் ஆவியாகிச் சீறுகிறது, பாகுத் துளிகள் தெறிக்கின்றன. இந்த வேலையைப் பல ஆண்டுகள் செய்தவர்களின் முன்னங்கையில் அந்தத் துளிகளின் தழும்பு இருக்கிறது. பழக் கேக்கின் கறுப்பு நிறமும், இனிப்புக்கு அடியில் ஓடும் லேசான கசப்பும் இந்தச் சட்டியிலிருந்து வருபவை. வெப்பமானி எதுவும் இல்லை. புகையும் மணமும்தான் அளவு.

அடுத்தது பழம். பலர் இளக்காரமாகப் பேசும் டூட்டி ஃப்ரூட்டி, பப்பாளிக் காயில் செய்வது. அதைப் போலி என்று தள்ளுகிறவர்கள் அது எப்படி ஆகிறது என்று பார்க்க வேண்டும். காயைத் தோல் சீவிச் சிறு சதுரங்களாக நறுக்கி, குழையாமல் இருக்கச் சுண்ணாம்புத் தெளிநீரில் போட்டு, கழுவி, வேகவைத்துப் பாகில் இடுகிறார்கள். எடுத்த எடுப்பில் கெட்டிப் பாகில் போட்டால் சர்க்கரை உள்ளே போவதற்குள் காயின் நீர் வெளியேறித் துண்டு சுருங்கிவிடும். அதனால் முதலில் நீர்த்த பாகு, மறுநாள் கொஞ்சம் கெட்டி, அதற்கடுத்த நாள் இன்னும் கெட்டி என்று படிப்படியாக ஏற்ற வேண்டும். சர்க்கரை நீரைக் கட்டிப்போட்டுவிடுவதால் கிருமிகள் வளர முடிவதில்லை, பழம் மாதக்கணக்கில் நிற்கிறது. பழநிப் பஞ்சாமிர்தம் கெடாமல் இருப்பதற்கும் இதுவே காரணம். வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, தேன், நெய், பேரீச்சை, ஏலம் சேரும் அதில் ஒரு சொட்டுத் தண்ணீரும் விடுவதில்லை. 2019-இல் அது புவிசார் குறியீடும் பெற்றது. பழத்தைச் சர்க்கரையில் காக்கும் அறிவு முருகன் கோயில் சார்ந்த ஊர்களுக்குப் புதிதே அல்ல. சாயம் அதிகமாகப் போட்ட மலிவுச் சரக்கு சந்தையில் இருக்கிறது, மறுக்கவில்லை. அது மட்டச் சரக்கின் குற்றம், பப்பாளியின் குற்றமன்று.

ரம் வேண்டும் என்கிறவர்களுக்குக் கேரளத்துத் தலச்சேரியின் கதையே பதில். பர்மாவில் பிஸ்கட் செய்யக் கற்றுவந்து அங்கே 1880-இல் ராயல் பிஸ்கட் ஃபேக்டரி தொடங்கிய மம்பள்ளி பாபுவிடம், 1883-இல் மர்டாக் பிரவுன் என்ற தோட்ட முதலாளி இங்கிலாந்திலிருந்து வந்த கேக்கைக் காட்டி அதேபோல் செய்யச் சொன்னார். மாஹேயின் பிரெஞ்சு பிராந்தியைச் சேர்க்கவும் சொன்னாராம். பாபு உள்ளூர்ச் சாராயத்தைச் சேர்த்துத் தன் போக்கில் செய்தார் என்பதுதான் அங்கே வழங்கும் வரலாறு. ஆக, இந்தியாவின் முதல் கிறிஸ்துமஸ் கேக் என்று கொண்டாடப்படுவதே கொடுத்த செய்முறையை மீறிப் பிறந்தது. இலங்கையில் மைதாவுக்குப் பதில் ரவை, பூசணிப் பாகு, முந்திரி, பன்னீர் எசன்ஸ். அலகாபாத்தில் பேட்டா என்னும் பூசணி மிட்டாய், நெய், சோம்பு. எங்கே போனாலும் கேக் அந்த ஊர்ச் சரக்கைக் கேட்டிருக்கிறது. மதுவின் வேலை உலர்பழத்தை இளக்குவதும் மணம் ஏற்றுவதும். ஆரஞ்சுச் சாற்றிலோ திராட்சைச் சாற்றிலோ பாகு கலந்து நாள்கணக்கில் ஊறவைத்தால் திராட்சை நன்றாகவே உப்பும். மணம் வேறாக இருக்கும், குறைவாக இராது. திருத்தணிக்கு நான் இன்னொன்றும் சொல்வேன். மாம்பழக் கூழுக்குப் பேர்போன சித்தூர் பக்கத்திலேயே இருக்கிறது, திருவாலங்காட்டில் சர்க்கரை ஆலையும் இருக்கிறது. ஆனி மாதத்து மாங்காயைப் பாகிலிட்டு மார்கழிக்கு எடுத்தால் இந்த ஊருக்கென்றே ஒரு கேக் கிடைக்கும்.

இரண்டாவது குறை கனமானது, ஏனென்றால் திருத்தணியில் அதற்கு வரலாறு உண்டு. ஜனவரி முதல் நாள் வெள்ளைத் துரைகளின் பங்களா வாசலில் மாலையும் பழமுமாக நம்மவர்கள் காத்து நின்ற வழக்கத்தை மாற்றத்தான் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் 1917-இல் படித்திருவிழாவைத் தொடங்கினார் என்பார்கள். இன்றும் டிசம்பர் 31 இரவு, ஆண்டின் நாளுக்கு ஒன்றாக அமைந்த 365 படிகளிலும் திருப்புகழ் பாடிக் கற்பூரம் ஏற்றி ஏறுகிறார்கள். அப்படிப்பட்ட இரவில் அடிவாரத்தில் கேக் விற்கலாமா? சுவாமிகள் எதிர்த்தது கைகட்டி நிற்பதை. இன்றைய கேக் எந்தத் துரை வீட்டுக்கும் காணிக்கையாகப் போவதில்லை. நாமக்கல் முட்டையும் பண்ருட்டி முந்திரியும் சேர்த்து நம் ஆள் சுட்டு, நம் பிள்ளைகள் தின்னும் பண்டம் அது. முட்டை ஆகாது என்கிறவர்களுக்கும் வழியிருக்கிறது. பெங்களூரில் 1898-இல் தொடங்கிய பி.பி. பேக்கரி முதலாக ஐயங்கார் பேக்கரிகள் முட்டையில்லாத கேக்குக்கு ஒரு மரபையே உண்டாக்கிவிட்டன.

ஆகவே நாள் என்ற குறைக்கு வருகிறேன். பழம் ஊற ஒரு வாரமாவது வேண்டும். 150, 160 டிகிரியில் நிதானமாக, ஒரு கிலோ கேக் ஒன்றரை மணி நேரம்வரை வேக வேண்டும். வெந்தபின் இரண்டு மூன்று நாள் மூடி வைத்தால் பழத்தின் ஈரம் மாவில் பரவி, கிராம்பும் பட்டையும் ஒன்றாகும். இவ்வளவும் தெரிந்த மாஸ்டர்கள்தான் கடைசி வாரத்தில் காலையில் ஊறப்போட்டு மாலையில் சுடுகிறார்கள். ஊறாத திராட்சை மாவின் ஈரத்தை உறிஞ்சிவிடுவதால் கேக் உதிர்கிறது. சிறுநகரத்தில் வாங்குவோர் விலை பார்ப்பார்கள், இத்தனை நாள் முதலைப் போட்டுக் காத்திருக்க முடியாது என்று முதலாளிகள் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் ஊறவைப்பதற்குத் தேவை ஒரு மூடிய டிரம் மட்டுமே. 2025 செப்டம்பர் 22 முதல் கேக் மீதான ஜிஎஸ்டி 18 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது. அதில் ஒரு பங்கை டிசம்பர் மாதக் கூடுதல் ஆளுக்கும் கூடுதல் கூலிக்கும் ஒதுக்கினால் கடை மூழ்கிவிடாது. கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டத் திருத்தமே வந்தது. ஆனால் ஆண்டுக் கடைசி இரவுகளில் அடுப்படியில் உட்கார நேரம்கூடக் கிடைப்பதில்லை. டிரே உள்ளே போவதும் வெளியே வருவதுமாக விடிந்துவிடுகிறது.

இந்த அவசரத்தில் பாதி நம்மால் வருவது. கிரீம் கேக்கை முன்கூட்டிச் செய்து வைக்க முடியாது, பழக் கேக்கை முடியும். டிசம்பர் 31 மாலை கடை வாசலில் நெரிப்பதை விட்டு, முதல் வாரத்திலேயே சொல்லிவையுங்கள். முன்பணம் கொடுங்கள், பழத்தை என்றைக்கு ஊறப்போட்டீர்கள் என்று மாஸ்டரிடம் கேளுங்கள். கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள் முன்பே வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் கெடாது.