நாலாவது வருசம்

அரியாலையிலிருந்து நல்லூர் தாண்டி திருநெல்வேலிக் கம்பஸுக்கு சைக்கிளில் போகிற நாங்கள் நாலு பேர். பட்டத்துக்குப் பிறகு என்ன எண்டு ஒருநாளும் கதைச்சதில்லை.

போன கிழமை ஊர் அக்கா ஒருவா முதுமாணிப் படிவத்தோட வந்தா. பொதுக்கலை முடிச்சவ. மூண்டு வருசம், 90 கிரெடிட். இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் அது 5ஆம் மட்டம். சிறப்புக்கலை எண்டால் நாலு வருசம், 120 கிரெடிட், 6ஆம் மட்டம். "ஒரு வருசம்தானே எண்டு விட்டிட்டன்" எண்டா. அவவின்ர ஆசை எம்.பில்.; அது 11ஆம் மட்டம். அஞ்சிலிருந்து அங்க நேராப் பாயேலாது, நடுவில முதுமாணி வேணும். பாடநெறி மட்டும் எண்டால் 30 கிரெடிட், ஆய்வும் சேர்ந்தால் 60.

இளங்கலை வரைக்கும்தான் இலவசக் கல்வி. அதுக்கு மேல பதிவிலிருந்து எல்லாம் கைக்காசு. முன்பள்ளிச் சம்பளத்தில அக்கா எத்தினை மாசம் சேர்க்கிறது? (மேற்பார்வையாளரைத் தேடி அலையிறது வேற கதை.)

எங்களுக்கும் சிறப்புக்கலைக்கு விண்ணப்பிக்கிற நேரம். வீட்டு நிலைமையால மூண்டு வருசத்தோட வேலைக்குப் போறன் எண்டு எங்களில ஒருத்தி நிக்கிறாள். அவளுக்கும் சேர்த்துத்தான் படிவம் எடுத்து வந்தம். இன்னும் நிரப்பேல்லை, அவளின்ர சைக்கிள் கூடைக்க கிடக்கு.