மலையேறும் வாகனங்களும் ஓர் எண்ணிக்கையும்

2025ஆம் ஆண்டு நோன்புப் பெருநாள் மார்ச் 31 அன்று அமைந்தது. மறுநாள் முதல், சென்னை உயர் நீதிமன்ற ஆணைப்படி, கொடைக்கானல் ஏறும் வெளியூர் வாகனங்களுக்கு வரம்பு வந்தது: வார நாள்களில் 4,000, வார இறுதியில் 6,000. வத்தலக்குண்டு வழியாகச் சென்றாலும் பழனி வழியாகச் சென்றாலும் இ-பாஸ் வேண்டியிருந்தது.

நிரலாக்கம் பயிலும் நம் பிள்ளைகளுக்கு இதையே நாங்கள் பயிற்சியாகக் கொடுத்து வருகிறோம். அரசின் மென்பொருளைக் குறைகூறுவது எம் நோக்கமன்று. கணக்கு மட்டுமே அங்கிருந்து எடுத்தது. பிள்ளைகள் பெரும்பாலும் ஒன்றே போல் எழுதுகிறார்கள்: எண்ணிக்கை 4,000க்குக் குறைவா என்று பார், குறைவெனில் ஒன்றைக் கூட்டு, பாஸ் கொடு.

ஒருவர் பின் ஒருவராக வந்தால் இது சரியே. ஆனால் எண்ணிக்கை 3,999 ஆக இருக்கையில், திண்டுக்கல்லிலிருந்து ஒரு குடும்பமும் மதுரையிலிருந்து மற்றொன்றும் ஒரே நொடியில் கேட்டால்? இரண்டு கோரிக்கைகளும் 3,999 என்றே படிக்கும். இரண்டும் 4,000 என்றே எழுதிவைக்கும். பாஸ் இரண்டு போய்விட்டது, கணக்கோ ஒன்றுதான் கூடியிருக்கிறது. வரம்பு மீறப்பட்டது மட்டுமன்று, மீறப்பட்டதற்குச் சாட்சியும் இல்லை.

'ஒன்றைக் கூட்டு' என்பது ஒரே செயல் என்று நினைப்பதில்தான் பிழை தொடங்குகிறது. படித்தல், கூட்டல், எழுதுதல் என அது மூன்று செயல்கள். இடையில் வேறொருவர் நுழையலாம். கணினியில் ஒரே செயலி இருந்தாலும் இதே நிலைதான், ஏனெனில் அது ஒரு வேலையைப் பாதியில் நிறுத்தி மற்றதைத் தொடும்.

“நூறு முறை ஓட்டிப் பார்த்தோம், சரியாகவே வந்தது” என்பார்கள் பிள்ளைகள். அப்போது தெராக்-25 என்னும் கதிர்வீச்சுச் சிகிச்சைக் கருவியைப் பற்றிச் சொல்வோம். 1985க்கும் 1987க்கும் இடையில் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளிகள் அதனிடம் மிகையான கதிர்வீச்சு பெற்றனர், சிலர் உயிரிழந்தனர். டெக்சாஸில் நேர்ந்தவற்றுக்குக் காரணம் இத்தகைய பிழையே. காந்தங்கள் நிலைகொள்ளச் சுமார் 8 வினாடிகள் ஆகும். அதற்குள் பணியாளர் தட்டச்சைத் திருத்தினால் கருவி அதைக் கவனிக்கவில்லை. நிதானமாகத் தட்டியவரை அது வெளிப்படவேயில்லை. கை பழகிய பணியாளரிடம்தான் வெளிப்பட்டது.

இதைக் கேட்டபின் பிள்ளைகள் பூட்டுப் போடுகிறார்கள், ஆனால் எழுதும் வரிக்கு மட்டும். பார்ப்பதும் எழுதுவதும் ஒரே பூட்டுக்குள் இருக்க வேண்டும்; இல்லையேல் பழைய 3,999ஐக் கையில் வைத்துக்கொண்டு இருவர் வரிசையில் நிற்பார்கள், அவ்வளவுதான். சேவைக் கணினிகள் இரண்டு என்றால் ஒன்றில் போட்ட பூட்டு மற்றதைத் தடுக்காது. அப்போது இரண்டுக்கும் பொதுவான தரவுத்தளத்திடமே சோதனையையும் கூட்டலையும் ஒரே கட்டளையாக ஒப்படைத்துவிட வேண்டும்.